மலைக்கோட்டை முதல் ராஜகோபுரம் வரை: தலைக்கு மேலே ஒரு டவர்!

திருச்சிக்கு ஒரு நாள் பயணம் என்றாலே மலைக்கோட்டை, திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் என்று ஒரு வரிசை நம் எல்லோருக்கும் மனப்பாடம். காலையில் உச்சிப்பிள்ளையார், மதியத்துக்குள் அகிலாண்டேஸ்வரி, மாலையில் ரங்கநாதர். இந்த முறை அதே பாதையில் இன்னொரு விஷயத்தையும் தேடிக்கொண்டு போவோம் வாருங்கள். நம் கையில் இருக்கும் செல்போனுக்கும் வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கும் என்ன உறவு என்ற தேடல் அது.

'கோயிலுக்குப் போகிற இடத்தில் சாட்டிலைட்டா?' என்று கேட்காதீர்கள். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி பிறந்த ஊர், ராக்கெட் விட்ட குடியரசுத் தலைவர் படித்த ஊர், தமிழர்களுக்கு அறிவியலைக் கதைபோலச் சொன்ன எழுத்தாளர் வளர்ந்த ஊர் என மூன்றும் இந்தச் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் இருக்கின்றன.

உச்சியில் நின்றால் தெரிவது

மலைக்கோட்டைக்குக் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். 400-க்கும் மேற்பட்ட படிகள். வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். வயது 1,400 ஆண்டுகளை நெருங்கும். சுமார் 83 மீட்டர் உயரப் பாறையின் உச்சிக்கு வந்து மூச்சு வாங்கி நின்றால், வடக்கே காவிரி, அதைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அதற்கும் அப்பால் கொள்ளிடம்.

இப்போது பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். மொட்டைமாடிகளில் எத்தனை செல்போன் டவர்கள்! ஏன் இத்தனை? ஒரு டவரால் சில கிலோமீட்டர் தூரத்தைத்தான் பார்த்துக்கொள்ள முடியும். நடுவில் மலையோ பெரிய கட்டடமோ வந்தால் அதுவும் குறையும். அதனால்தான் அந்தக் காலத்து ராஜாக்கள் காவலுக்கு இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள். உயரத்தில் நின்றால் தூரம் தெரியும். டவருக்கும் அதே கணக்குதான்.

அப்படியானால் டவரை இன்னும் உயரத்தில், வானத்திலேயே வைத்துவிட்டால்? செயற்கைக்கோள் கைபேசியின் அடிப்படை அவ்வளவுதான். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், பூமி சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றும். நமக்கு அது வானத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பூமியின் மூன்றில் ஒரு பங்குப் பரப்பு அதன் கண்ணுக்குத் தெரியும்.

ஆட்டோக்காரரின் கேள்வி

மலையிலிருந்து இறங்கி, தெப்பக்குளம் பக்கம் ஆட்டோ பிடித்தேன். பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னதும் ஓட்டுநர் அண்ணன் சிரித்தார்.

"ஊரெல்லாம் டவரு நிக்குது. அப்புறம் எதுக்கு சார் சாட்டிலைட்டு?"

"அண்ணே, கஜா புயல் ஞாபகம் இருக்கா?"

சிரிப்பு நின்றது. "எப்படி சார் மறக்கும்? தங்கச்சிய பட்டுக்கோட்டைப் பக்கம் கட்டிக் குடுத்துருக்கு. மூணு நாள் போன் போகல. ரிங்கே போகல. நாலாம் நாள் இந்த ஆட்டோவையே எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். வழியெல்லாம் மரம். நல்லாத்தான் இருந்துச்சு, ஓடு மட்டும் பறந்துருச்சு. ஆனா அந்த மூணு நாள்..." என்று கையை உதறினார்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் தாங்கும். அப்புறம் டீசல் வேண்டும். டீசல் வண்டி வரச் சாலை வேண்டும். சாலையில் மரம் விழுந்து கிடக்கும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் ஊர்கள் ஊமையாகின்றன. தரையில் என்ன நடந்தாலும் வானத்தில் இருக்கும் டவர் சாயாது. பேரிடர் மேலாண்மை அதிகாரிகள் கையில் சாட்டிலைட் போன் இருப்பது இதற்காகத்தான்.

ஒரே கல்லூரி, இரண்டு இளைஞர்கள்

தெப்பக்குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது புனித வளனார் கல்லூரி. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு வந்த கல்லூரி. உள்ளேயே லூர்து அன்னை ஆலயத்தின் உயரமான கோபுரம்.

1950-களின் தொடக்கத்தில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் இங்கே இயற்பியல் படித்தார். அதே காலகட்டத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த இன்னோர் இளைஞரும் இதே பாடத்தைப் படித்தார். முன்னவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். பின்னவர் எஸ். ரங்கராஜன், நமக்கெல்லாம் சுஜாதா. இருவரும் அடுத்துப் போனதும் ஒரே இடம்தான்: குரோம்பேட்டை எம்.ஐ.டி. கலாம் விமானப் பொறியியல், சுஜாதா மின்னணுவியல்.

கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1980 ஜூலை 18 அன்று, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. அடுத்த ஆண்டு இந்தியாவின் முதல் சோதனைத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளான 'ஆப்பிள்' ஐரோப்பிய ராக்கெட்டில் ஏறியது. அதன் ஆன்டெனாவைச் சோதிக்க, இரும்பு கலக்காத மேடை தேவைப்பட்டபோது, நம் விஞ்ஞானிகள் அதை மாட்டுவண்டியில் ஏற்றிய புகைப்படம் இன்றும் பிரபலம். 35 கிலோவில் தொடங்கிய அந்த வேலை எங்கே வந்து நிற்கிறது என்பதைச் சற்றுப் பிறகு ஸ்ரீரங்கத்தில் பார்ப்போம்.

திருவானைக்காவல்: விசில் சத்தமும் அலைவரிசையும்

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் தீவு. வலது பக்கம் திருவானைக்காவல். ஜம்புகேஸ்வரர் சந்நிதி நீருக்குரிய தலம். கருவறையில் எப்போதும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் அம்பாளைப் போலப் புடவை உடுத்தி வந்து சுவாமிக்குப் பூஜை செய்வதைப் பார்க்க வேண்டுமானால், அதற்கேற்ப வந்து சேருங்கள்.

சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தது இந்தத் திருவானைக்காவலில்தான். ஒளி ஒரு பொருளின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதியின் நிறம் மாறுகிறது என்று 1928-ல் கண்டுபிடித்து, 1930-ல் நோபல் பரிசு பெற்றார்.

நிறம் மாறுவது என்றால் அலையின் அதிர்வெண் மாறுவது. சாட்டிலைட் போன் செய்பவர்களுக்கும் அதிர்வெண் மாறுகிற தலைவலி உண்டு. ஆனால் காரணம் வேறு. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் விசிலைக் கேட்டிருக்கிறீர்களா? வரும்போது கீச்சென்றும் தாண்டிப் போகும்போது தடித்தும் கேட்கும். தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்களின் சிக்னலுக்கும் இதேதான் நடக்கிறது. அவை மணிக்கு சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடக்கின்றன. இந்த மாற்றத்தை நொடிக்கு நொடி கணக்குப்போட்டுச் சரிசெய்தால்தான் பேச்சு புரியும்.

ஏன் தாழ்வாகப் பறக்கவிட வேண்டும், 36,000 கிலோமீட்டரில் அசையாமல் நிற்பதே வசதிதானே என்று தோன்றும். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய் இறங்க ரேடியோ அலைக்கே கால் நொடி ஆகும். "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "ம்" என்ற பதில் திரும்ப மொத்தம் அரை நொடி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்வார்கள். சிறிய கைபேசியின் சக்தியும் அவ்வளவு தூரம் போவதற்குள் மிக மெலிந்துவிடும்.

அதனால் இரிடியம் என்ற அமெரிக்க நிறுவனம் 780 கிலோமீட்டர் உயரத்தைத் தேர்ந்தெடுத்தது. திருச்சியிலிருந்து ஹைதராபாத் வரை உள்ள தூரத்தை நிமிர்த்தி வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த உயரத்தில் ஒன்று போதாது. 66 செயற்கைக்கோள்கள் வேண்டும். ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் நம் தலையைத் தாண்டிப் போய்விடும். அதற்குள் நம் பேச்சை அடுத்ததிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஸ்ரீபாதம் தாங்கிகள் சொல்லும் பாடம்

இந்த ஒப்படைப்பைப் புரிந்துகொள்ள ஸ்ரீரங்கத்தைவிட நல்ல இடம் கிடையாது. நம்பெருமாள் புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் வழியில் தோள் மாற்றிக்கொள்வார்கள். புதியவர் தோள் கொடுத்த பிறகுதான் பழையவர் விலகுவார். பல்லக்கு தரையைத் தொடாது, நடையும் நிற்காது. மேலே இருப்பவருக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. செயற்கைக்கோள்களும் நம் பேச்சை இப்படித்தான் தோள் மாற்றுகின்றன.

இரிடியத்தின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. சுமார் 500 கோடி டாலர் செலவில் உருவாகி, 1998 நவம்பர் 1-ல் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆகஸ்டிலேயே திவால் மனு! செங்கல் மாதிரி போன், கட்டணமோ எக்கச்சக்கம், வீட்டுக்குள் வேலை செய்யாது. அதற்குள் சாதா டவர்கள் ஊருக்கு ஊர் முளைத்துவிட்டன. பிறகு புதிய முதலாளிகள் 2.5 கோடி டாலருக்கு வாங்கி, கப்பல், ராணுவம், மலையேறுபவர்கள் என்று உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்து நிலைத்து நின்றார்கள்.

தெற்கு பார்த்த பெருமாள், தெற்கு பார்த்த தட்டுகள்

ஸ்ரீரங்கத்தில் 236 அடி ராஜகோபுரம் தெற்கு வாசலில் நிற்கிறது. 13 நிலைகள். பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாமல் நின்று, 1987-ல்தான் முழுமை பெற்றது. ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், 156 ஏக்கர் வளாகம்.

ரங்கநாதர் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருப்பது இலங்கையிலிருக்கும் விபீஷணனுக்காக என்பது தலபுராணம். சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் நடக்கும்போது மாடிகளைக் கவனியுங்கள். டிடிஎச் தட்டுகளும் தெற்கு, தென்கிழக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். அசையாமல் நிற்கும் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலேதான் நிற்க முடியும். அது இலங்கைக்கும் தெற்கே. ஆகவே தமிழ்நாட்டில் எந்த வீட்டுத் தட்டும் வடக்கே திரும்புவதில்லை.

அந்த வரிசையில் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நின்றதுதான் இஸ்ரோவின் ஜிசாட்-6. கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவிகளோடு பேசுவதற்கென்றே 2015 ஆகஸ்ட் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ராஜகோபுர வாசலில் நின்று தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே திரும்பி, கிட்டத்தட்ட உச்சி வானத்தை அண்ணாந்து பார்த்தால் அதுதான் திசை. கண்ணுக்கு எதுவும் தெரியாது, கணக்குக்குத் தெரியும்.

கைபேசியின் குரல் மெலிந்தது. மெலிந்த குரலைக் கேட்கப் பெரிய காது வேண்டும். ஜிசாட்-6-ன் காது 6 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா. ராக்கெட் மூக்குக்குள் அதை விரித்தபடி வைக்க இடமில்லை. அதனால் கோயில் குடையை மடக்கி எடுத்துப்போய் வாசலில் விரிப்பதுபோல, மடக்கிக் கொண்டுபோய் விண்வெளியில் விரித்தார்கள். விரியும்போது ஒரு மடிப்பு சிக்கிக்கொண்டாலும் போய்ச் சரிசெய்ய ஆள் கிடையாது. அது சரியாக விரிந்தது.

இந்தியாவை ஐந்து பகுதிகளாகப் பிரித்து ஐந்து கற்றைகளை இந்தச் செயற்கைக்கோள் வீசியது. திருவிழாவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு ஸ்பீக்கர் பாடினால் குழப்பம். ஊரின் இரண்டு கோடியில் பாடினால் தொந்தரவில்லை. அதுபோல, தள்ளித் தள்ளி இருக்கும் கற்றைகள் ஒரே அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்தலாம். கொஞ்சம் அலைவரிசையில் நிறையப் பேர் பேச இதுதான் வழி.

எல்லாம் நல்லபடியாகவே நடக்கும் என்று சொல்ல முடியாது. இதன் தம்பி ஜிசாட்-6ஏ 2018 மார்ச் 29-ல் அழகாகக் கிளம்பியது. சுற்றுப்பாதையை உயர்த்திக்கொண்டிருந்த சில நாட்களுக்குள்ளேயே கட்டுப்பாட்டு மையத்துடன் தொடர்பு அறுந்தது. தொடர்புக்காகவே செய்யப்பட்ட செயற்கைக்கோள் பிறகு பேசவே இல்லை.

சித்திரை வீதியில் சுஜாதாவை நினைத்து

பாட்டி வீட்டில் வளர்ந்த சுஜாதாவின் ஸ்ரீரங்கம், 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்தவர்களுக்கு இன்னும் இந்த வீதிகளில் தட்டுப்படும். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் முக்கியப் பொறியாளர் அவர். 2008 பிப்ரவரி 27-ல் காலமானார்.

அவர் இருந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய ஒரு செய்தி: 2025 டிசம்பர் 24-ல் இஸ்ரோவின் எல்.வி.எம்.-3 ராக்கெட் 'ப்ளூபேர்ட் ப்ளாக்-2' என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது. எடை சுமார் 6,100 கிலோ. 1980-ன் ரோகிணியைப்போல 170 மடங்கு! அதன் ஆன்டெனா விரிந்தால் 223 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் சரியாக ஒரு கிரவுண்ட். காது இவ்வளவு பெரிதானால் நம் கையில் இருக்கும் சாதா ஸ்மார்ட்போனின் குரலையே அது கேட்டுவிடும்; தனிப் போன் வேண்டாம் என்பதுதான் யோசனை. ஆனாலும் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நின்றால் எந்தச் சாட்டிலைட்டும் எடுக்காது. கல் கூரைக்கு முன்னால் அதன் பாச்சா பலிக்காது. திறந்த வானம் வேண்டும்.

அம்மா மண்டபத்திலிருந்து கடலை நினைத்தால்

மாலையில் அம்மா மண்டபத்துப் படித்துறை. இந்தக் காவிரி இங்கிருந்து கிழக்கே போய்ப் பூம்புகாரில் கடலைத் தொடும். திறந்த வானம் தாராளமாக இருந்தும் டவரே இல்லாத இடம் அந்தக் கடல்தான்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் குமரி முனையை அறைந்தபோது, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. படகிலிருந்த வயர்லெஸ் கருவிகளுக்கு அவ்வளவு தூரம் போகாது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

ஆபத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக, படகு இருக்கும் இடத்தோடு செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ 2010 முதலே மீனவர்களுக்காக வைத்திருந்தது. செய்தி பெங்களூருவுக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். ஆனால் அது ஒருவழிப் பாதை. அலைக்கு நடுவே பட்டனை அழுத்தியவருக்கு, அந்தப் பக்கம் யாராவது கேட்டார்களா என்று தெரியாது. 2024-ல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி அதை மாற்றியது. 'உங்கள் செய்தி கிடைத்தது' என்ற பதில் படகுக்கே திரும்பி வருகிறது. புயல் எச்சரிக்கையும் வரும். அந்த ஒரு வரிப் பதில், கவிழப்போகும் படகில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு! ஆட்டோக்கார அண்ணன் தன் மூன்று நாளைப் பற்றிச் சொன்னபோது கையை உதறியது இதை எழுதும்போதும் கண்முன் நிற்கிறது. கடலோரக் கிராமங்களில் ஒக்கிக்குப் பிறகு அப்படி எத்தனை வீடுகள், எத்தனை நாள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கவனிக்க

துபாய், சிங்கப்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கும் உறவினர்கள் உங்களுக்கு இருக்கலாம். அரபு நாட்டின் 'துரையா' சாட்டிலைட் போன் அங்கே கடையில் கிடைக்கிறதே என்று வாங்கி வரவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். (துரையா என்றால் அரபியில் நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்!) தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடுவார்கள். முறைப்படி தேவைப்படுபவர்களுக்கு, இன்மார்சாட் வழியாக பிஎஸ்என்எல் 2017 முதல் இந்தச் சேவையைத் தருகிறது.

போக நினைப்பவர்களுக்கு

* வெளியூர்ப் பேருந்துகள் பலவும் இப்போது பஞ்சப்பூர் முனையத்துக்கு வருகின்றன. அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வந்தால் மலைக்கோட்டையும் புனித வளனார் கல்லூரியும் நடக்கும் தூரம்.
* சத்திரத்திலிருந்து திருவானைக்காவலுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. ரயிலில் வருபவர்கள் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே இறங்கலாம்.
* மதியம் கோயில்கள் நடை சாத்தும். நேரம் பார்த்துக் கிளம்புங்கள். சந்நிதிக்குள் செல்போனை எடுக்க வேண்டாம்.
* குழந்தைகளோடு போனால் புதுக்கோட்டை சாலையில் விமான நிலையத்துக்கு அருகே அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைக்கோட்டையில் கேட்ட கேள்விகளுக்கு அங்கே இருட்டில் உட்கார்ந்து பதில் தேடலாம்.